பாட்டு பாடலைன்னா கம்ப்யூட்டரை அடிக்காதீங்க!



நம்ம ஊர்ல ஒரு நம்பிக்கை இருக்கு. நாலு கம்ப்யூட்டர்ல பாடுற பாட்டு அஞ்சாவது கம்ப்யூட்டர்ல பாடலைன்னா, அந்த அஞ்சாவது கம்ப்யூட்டருக்கு ஏதோ வியாதி. உடனே ஒரு அண்ணனுக்கு போன் போடணும். அண்ணன் வருவார், "வைரஸ்ப்பா" என்பார், ஃபார்மட் அடிப்பார், காசு வாங்கிட்டுப் போவார். பாட்டு அப்பவும் பாடாது. கூடவே ரெண்டு வருஷமா சேர்த்து வெச்ச போட்டோவும் போயிருக்கும்.

இதுல எனக்கு வேற கருத்து இருக்கு. ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் *பாடாத* ஃபைலைப் பத்தி நாம ரொம்பக் கவலைப்படுறோம். கவலைப்பட வேண்டியது ஒரே ஒரு கம்ப்யூட்டர்ல மட்டும் *பாடுற* ஃபைலைப் பத்தி. முதலாவது தொந்தரவு, அரை மணி நேரத்துல தீர்ந்துடும். ரெண்டாவது, நம்ம கையை விட்டுப் போயிட்டு இருக்கிற பொருள். அது போறதே நமக்குத் தெரியாது.

முதல்ல தொந்தரவைப் பார்ப்போம். (ஸ்பீக்கர் ஒயர் சொருகி இருக்கா, சவுண்டு மியூட்ல இருக்கான்னு பார்த்துட்டீங்கதானே? வேற எந்தப் பாட்டும் பாடலைன்னா அது டிரைவர் பிரச்சனை, ஸ்பீக்கர் பிரச்சனை. அதுக்கு இந்தப் பதிவு உதவாது. மத்ததெல்லாம் பாடுது, இது மட்டும் பாடலைங்கிறவங்க மேல படிங்க.)

அது பாட்டே இல்லை, விலாசம்

ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி சைஸ் பாருங்க. இதைத்தான் யாரும் செய்றதில்லை. ஒரு ஆடியோ சி.டி.யைப் போட்டுத் திறந்தா 'டிராக்01.சி.டி.ஏ' அப்படின்னு வரிசையா இருக்கும். அதை அப்படியே இழுத்து டெஸ்க்டாப்ல போட்டு, பென்டிரைவ்ல ஏத்தி, நண்பன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனவங்க எத்தனையோ பேர். நம்ம கம்ப்யூட்டர்ல சி.டி. உள்ளேயே கிடந்ததால பாடுச்சு. நண்பன் வீட்டுல பாடலை. ஏன்னா அந்த சி.டி.ஏ. ஃபைல் மொத்தமே 44 பைட். பாட்டு எங்கே ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம் என்ற குறிப்பு மட்டும்தான் அதுல இருக்கு.

சி.டி. ஆடியோன்னா ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொண்ணும் 2 பைட், இடது வலதுன்னு ரெண்டு சேனல். பெருக்கிப் பார்த்தா ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்.பி. வரும். அஞ்சு நிமிஷப் பாட்டு 44 பைட்ல எப்படி அடங்கும்? கல்யாணப் பத்திரிகையை வாங்கி வெச்சுக்கிட்டு சாப்பாடு எங்கேன்னு கேக்கிற மாதிரி.

எம்.3.யூ. பிளேலிஸ்ட் ஃபைலும் இதே ஜாதிதான். ஒரு காலத்துல இணையத்துல தமிழ்ப் பாட்டு கேக்கணும்னா ரியல் பிளேயர் இல்லாம முடியாது. ராகா மாதிரி தளங்கள்ல பாட்டைச் சொடுக்கினா 'ராம்' அப்படின்னு ஒரு குட்டி ஃபைல் இறங்கும். பாட்டையே இறக்கிட்டோம்னு சந்தோஷமா அதை ஃபிளாப்பியில ஏத்தினவங்களை எனக்குத் தெரியும். ஃபிளாப்பியில பாட்டு எப்படிடா அடங்குச்சுன்னு ஒருத்தரும் யோசிக்கலை :-) உள்ளே இருந்தது ஒரு வரி இணைய முகவரி. அந்த முகவரியில சர்வர் இருந்த வரைக்கும் பாடுச்சு.

பேரு ஒண்ணு, ஆளு ஒண்ணு

சைஸ் சரியா இருக்கு, ஆனாலும் பாடலையா? அடுத்து, ஃபைல் பேரை நம்பாதீங்க.

செராமிக் படிக்கிற பசங்களுக்குச் சொல்லவே வேணாம். ஒரு தட்டை வாங்கினா முதல்ல அதைக் கவிழ்த்துப் பார்ப்போம். மேல என்ன பூ போட்டிருந்தாலும், எந்தக் கம்பெனிச் சரக்குன்னு சொல்றது அடியில இருக்கிற முத்திரைதான். ஆடியோ ஃபைலுக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. பேருக்குப் பின்னாடி 'எம்.பி.3'ன்னு இருக்கிறது மேல ஒட்டின ஸ்டிக்கர், யாரு வேணா மாத்தலாம். ஃபைலோட முதல் சில பைட்டுகள்தான் முத்திரை. நோட்பேடுல திறந்தா முக்கால்வாசி குப்பை எழுத்தா வரும், பயப்படாதீங்க, சேவ் மட்டும் பண்ணிடாதீங்க. முதல் வரியை மட்டும் பாருங்க. 'ரிஃப்' என்ற நாலு ஆங்கில எழுத்து இருந்தா அது வேவ். 'ஓக்எஸ்' இருந்தா ஓக் குடும்பம். 'ஃபிளாக்' இருந்தா ஃபிளாக்கேதான். 'ஐடி3' இருந்தா பெரும்பாலும் எம்.பி.3. புள்ளி வெச்சு 'ஆர்.எம்.எஃப்' வந்தா பழைய ரியல் மீடியா. '#!ஏ.எம்.ஆர்' வந்தா பழைய செல்போன்ல பதிவு பண்ணின குரல். (எல்லாமே ஆங்கில எழுத்துல இருக்கும், நான் தமிழ்ல எழுதியிருக்கேன்.)

பேரை மாத்திட்டா கன்வர்ட் ஆயிடும்னு நினைக்கிறது ஒரு தேசிய வியாதி. பாலக்கரை பக்கம் மெமரி கார்டுல பாட்டு ஏத்திக் கொடுத்த காலத்துல இது ரொம்ப சகஜம். போன் எடுக்கலைன்னா, டபிள்யூ.எம்.ஏ.ன்னு இருக்கிறதை அழிச்சிட்டு எம்.பி.3ன்னு தட்டிக் கொடுத்துடுவாங்க. சில பிளேயர் உள்ளே எட்டிப் பார்த்து "சரி, நீ டபிள்யூ.எம்.ஏ.தான்"னு புரிஞ்சுக்கிட்டுப் பாடிடும். சிலது ஸ்டிக்கரை நம்பி ஏமாந்துடும். நாலுல பாடி அஞ்சாவதுல பாடாததுக்கு இது ஒண்ணு போதும்.

இதுல ஒரு வில்லங்கமும் உண்டு. 2008 ஜூலையில காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு புழுவைக் கண்டுபிடிச்சது, பேரு 'கெட்கோடெக்'. அது என்ன பண்ணும்னா, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற எம்.பி.3 பாட்டையெல்லாம் டபிள்யூ.எம்.ஏ.வா மாத்திடும், ஆனா பேரை மட்டும் எம்.பி.3ன்னே விட்டுடும். உள்ளே ஒரு இணைய முகவரியைச் சொருகி வெச்சிருக்கும். பாட்டைத் திறந்தா "கோடெக் இல்லை, இங்கே போய் இறக்கு"ன்னு கேக்கும். இறக்கினா முடிஞ்சது கதை. வைரஸ் வந்து பாட்டு பாடாமப் போனது போய், பாட்டு பாடணும்னு ஆசைப்பட்டதால வைரஸ் வந்தது! அதுக்கு முன்னாடியே 2005லிருந்து 'ஸ்லாப்'ன்னு ஒரு டிரோஜன், வீடியோ கோடெக் வேஷம் போட்டுக்கிட்டு உலகத்தையே சுத்திச்சு. அதனால, பாடாத பாட்டு ஒண்ணு "இதை இறக்கு"ன்னு கேட்டா இறக்காதீங்க. இறக்கறதா இருந்தா நீங்களா தேடிப்போய் இறக்குங்க.

அச்சு ஒண்ணு, மண்ணு வேற

இப்பதான் மெயின் மேட்டர். இந்தக் கோடெக், கோடெக்ங்கிறாங்களே, அது என்ன?

நம்ம ஊர் யூனிட்ல பொம்மை வார்க்கிறதைப் பார்த்திருப்பீங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுல ஸ்லிப்பை ஊத்தி, ஓரத்துல கெட்டியானதும் மிச்சத்தைக் கவிழ்த்து, காய்ஞ்சதும் பிரிச்சு எடுப்பாங்க. ஒரே மோல்டுல செம்மண் ஸ்லிப்பும் ஊத்தலாம், போர்சிலைன் ஸ்லிப்பும் ஊத்தலாம். பொம்மை வடிவம் ஒண்ணுதான். ஆனா செம்மண் சரக்கு ஆயிரம் டிகிரி பக்கம் சுட வேண்டியது, போர்சிலைன் ஆயிரத்து இருநூத்தைம்பதுக்கு மேல போகணும். மாத்திச் சுட்டா ஒண்ணு வேகாது, இன்னொண்ணு உருகி உக்காந்துடும்.

ஆடியோ ஃபைலும் அப்படித்தான். வேவ், எம்.பி.4, ஓக் இதெல்லாம் மோல்டு. உள்ளே ஊத்தியிருக்கிற மண்ணுதான் கோடெக். எம்.4.ஏ.ன்னு பேர் இருக்கும், உள்ளே ஏ.ஏ.சி.யும் இருக்கலாம், ஆப்பிளோட லாஸ்லெஸ்ஸும் இருக்கலாம். வேவ்ன்னு பேர் இருக்கும், உள்ளே சாதா பி.சி.எம். இருக்கலாம், பழைய டெலிபோன் மாதிரி சுருக்கின குரலும் இருக்கலாம். பிளேயருக்கு மோல்டு தெரியும், மண்ணு தெரியலைன்னா முழிக்கும். வாட்ஸ்அப்ல வர்ற வாய்ஸ் மெசேஜைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி பண்ணிப் பாருங்க, 'ஓபஸ்'ன்னு இருக்கும். 2012ல தரநிலையா வந்தது, யாருக்கும் காசு கொடுக்க வேணாம், ரொம்ப நல்ல சரக்கு. ஆனா பழைய விண்டோஸ் மீடியா பிளேயருக்கு அது யாருன்னே தெரியாது. போன்ல கேட்ட அம்மா குரல் கம்ப்யூட்டர்ல வராததுக்குக் காரணம் இதுதான்.

சரி, எல்லா மண்ணையும் எல்லா சூளைக்கும் சொல்லிக்கொடுத்துட வேண்டியதுதானே? இங்கேதான் எனக்குக் கோபம் வருது. பல சமயம் கம்ப்யூட்டருக்குப் பாடத் தெரியாம இல்லை, பாடக்கூடாதுன்னு சட்டம்.

எம்.பி.3க்குக் காப்புரிமை இருந்தது. ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் ஆராய்ச்சி நிறுவனம் லைசென்ஸ் காசு வசூல் பண்ணிக்கிட்டு இருந்தது. அதனால 2002ல வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 8.0ல எம்.பி.3 பாடுற வசதியையே எடுத்துட்டாங்க. இந்தப் பயம் ஒண்ணும் கற்பனை இல்லை. 2007 பிப்ரவரியில அல்காடெல்-லூசென்ட் தொடுத்த வழக்குல, எம்.பி.3 காப்புரிமையை மீறினதா மைக்ரோசாஃப்ட் 152 கோடி டாலர் கட்டணும்னு அமெரிக்க ஜூரி சொல்லிடுச்சு. ஆறு மாசத்துல நீதிபதி அதைத் தள்ளுபடி பண்ணினார், அது வேற விஷயம். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படின்னா, இலவசமா லினக்ஸ் கொடுக்கிறவன் என்ன பண்ணுவான்? கழட்டி வெச்சுட்டான்.

நம்ம மாநிலத்துல இதை நேரடியாப் பார்த்தவங்க உண்டு. 2007 வாக்குல எல்காட் லினக்ஸ் பக்கம் போனது. 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச அரசு லேப்டாப்புல விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க. ஒரே மெஷின். அதே ஹார்ட் டிஸ்க், அதே ஸ்பீக்கர். விண்டோஸ்ல பூட் பண்ணினா பாடுற ஒரு ஃபைல் லினக்ஸ்ல பூட் பண்ணினா முரண்டு பிடிச்சா, 'கம்ப்யூட்டர் சரியில்லை'ங்கிற வாதம் எங்கே போய் நிக்கும்? ஆனா பசங்க சொன்னது என்ன? "லினக்ஸ் டப்பாடா." எங்கேயோ ஜெர்மனியில இருந்த ஒரு காப்புரிமைக்காக எத்தனை பேர் லினக்ஸை அழிச்சிருப்பாங்கன்னு நினைச்சாலே கடுப்பா இருக்கு. 2017 ஏப்ரல் 23ஆம் தேதி ஃபிரான்ஹோஃபர் அந்த லைசென்ஸ் திட்டத்தையே மூடிட்டாங்க, காப்புரிமை காலாவதி. இப்போ எல்லா லினக்ஸும் ஜாலியா எம்.பி.3 பாடுது. கம்ப்யூட்டருக்கு ஒரே ராத்திரியில அறிவு வளர்ந்துடலை.

தீர்வு? வி.எல்.சி. போடுங்க. அதிகபட்ச மண்ணைத் தெரிஞ்ச சூளை அதுதான், கோடெக் பேக் எதுவும் தேவையில்லை. 1996ல பாரீஸ்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பசங்க, ஹாஸ்டல் நெட்வொர்க் வேகம் பத்தலைங்கிற எரிச்சல்ல ஆரம்பிச்ச புராஜெக்ட், 2001ல திறந்த மூல மென்பொருளா வெளியே வந்தது. (நம்ம புராஜெக்ட் என்ன ஆச்சுன்னு யாரும் கேக்காதீங்க.) இதுலயும் ஒரு வேடிக்கை நடந்தது. 2022ல இந்தியாவுல வி.எல்.சி. தளத்தையே பல மாசம் முடக்கி வெச்சிருந்தாங்க, காரணமும் சொல்லலை. சட்டப்படி நோட்டீஸ் போன பிறகு நவம்பர்லதான் திறந்தாங்க. அந்த இடைவெளியில 'வி.எல்.சி. டவுன்லோடு'ன்னு தேடினவங்க கண்ட கண்ட தளத்துக்குள்ள போயிருப்பாங்க. மருந்துக் கடையைப் பூட்டினா நோயாளி போலி வைத்தியர்கிட்டதான் போவான்.

பூட்டு

சைஸ் சரி, முத்திரை சரி, வி.எல்.சி.யும் போட்டாச்சு, இன்னும் பாடலை. ஆனா பழைய கம்ப்யூட்டர்ல மட்டும் பாடுது. அப்போ அது பூட்டின ஃபைல், டி.ஆர்.எம்.னு பேரு.

எம்.எஸ்.என். மியூசிக் என்ற கடையில பாட்டுக்குக் காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு 2008 ஏப்ரல்ல ஒரு கடிதம் வந்தது. ஆகஸ்ட் 31க்குப் பிறகு புதுக் கம்ப்யூட்டருக்கு அனுமதி கொடுக்கிற சர்வரை நிறுத்தப் போறோம்னு சாராம்சம். அதாவது ஏற்கனவே அனுமதி வாங்கின கம்ப்யூட்டர்ல பாட்டு பாடும். அது கெட்டுப்போய் வேற வாங்கினா பாடாது. காசு கொடுத்தது பாட்டுக்கா, கம்ப்யூட்டருக்கா? ஜனங்க சத்தம் போட்டதும் 2011 வரைக்கும் நீட்டிச்சாங்க. அதே 2008 செப்டம்பர்ல யாஹூவும் தன் பாட்டுக்கடைச் சாவியைத் தூக்கிப்போட்டது. இன்னும் தமாஷ், 2006ல மைக்ரோசாஃப்ட் விட்ட சூன் பிளேயர், 'எங்க போனாலும் கண்டிப்பாப் பாடும்'னு அர்த்தம் வர்ற பேர்ல அதே மைக்ரோசாஃப்ட் விட்ட முந்தின பூட்டை ஏத்துக்கவே இல்லை.

நம்ம நாட்டுலயும் ஒரு கடை மூடுச்சு. 2012 பிப்ரவரியில ஃபிளிப்கார்ட் 'ஃபிளைட்'னு ஒரு பாட்டுக்கடை ஆரம்பிச்சு, 2013 ஜூன்ல மூடிட்டாங்க. ஆனா அங்கே வித்தது பூட்டு இல்லாத எம்.பி.3. அன்னைக்கு வாங்கி வெச்சவங்க இன்னைக்கும் எந்தக் கம்ப்யூட்டர்ல வேணா போட்டுக் கேக்கலாம், யாரையும் கேக்க வேணாம். ரெண்டு கடையும் மூடின கடைதான். ஒண்ணுல வாங்கினது பொருளா நின்னுச்சு, இன்னொண்ணுல வாங்கினது கடைக்காரனோட தயவா முடிஞ்சது.

"இப்போ யாருப்பா ஃபைல் வெச்சிருக்காங்க, எல்லாம் ஆப்ல வருது"ம்பீங்க. வருது. அந்த ஆப்ல டவுன்லோடு பண்ணி வெச்சதை எடுத்து வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்களேன். ஸ்பாட்டிஃபைல இறக்கி வெச்சதுக்கு 30 நாளைக்கு ஒரு தடவையாவது நெட்டுக்குப் போய் முகம் காட்டணும். சினிமாப் பாட்டுக்கு அது ஓகே, எனக்கு அதுல பெரிய சண்டை இல்லை. இளையராஜா பாட்டு ஒரு இடத்துல போனா ஒன்பது இடத்துல கிடைக்கும்.

எந்த ஆப்லயும் கிடைக்காத சத்தம்தான் என் கவலை.

ஆயா குரல்

எங்க வகுப்புல ஒருத்தன் ஆயா தாலாட்டு நல்லாப் பாடுவாங்களாம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவங்க சித்தப்பா பட்டன் போன்ல பதிவு பண்ணியிருக்கார். ஆயா இப்போ இல்லை. மெமரி கார்டு இருந்தது. வீட்டுல இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்ல மட்டும் அது பாடும், வேற எங்கேயும் பாடாது. அந்தக் கம்ப்யூட்டர் ஆன் ஆனா ஒரு மணி நேரத்துல சூடாகி நின்னுடும். வருஷா வருஷம் திதி அன்னைக்கு அதை ஆன் பண்ணி எல்லாரும் உக்காந்து கேப்பாங்களாம். 'ஆயா கம்ப்யூட்டர்'னே அதுக்குப் பேரு.

ஃபைலைத் திறந்து முத்திரை பார்த்தா ஏ.எம்.ஆர். செல்போன் பேச்சுக்காக 1999ல தேர்ந்தெடுத்த கோடெக். விநாடிக்கு 8,000 சாம்பிள்தான், உச்சபட்சத் தரத்துலயே ஒரு நிமிஷத்துக்கு நூறு கே.பி.கூட ஆகாது. பழைய பிளேயர் பலதுக்குத் தெரியாது. அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல போன்கூட வந்த மென்பொருளை யாரோ போட்டிருந்ததால பாடியிருக்கு. இப்போதைய வி.எல்.சி.யில போட்டோம், பாடிடுச்சு. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா இத்தனை வருஷமா அந்த வீட்டுல எல்லாரும் ஆயா குரல் அந்த இரும்புப் பெட்டிக்குள்ளே இருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. இடையில ஒரு அண்ணன் வந்து ஃபார்மட் அடிச்சு மென்பொருள் போயிருந்தா, 'ஃபைல் கெட்டுப்போச்சு'ன்னு கார்டைத் தூக்கிப் போட்டிருப்பாங்க.

இங்கே ஒரு எச்சரிக்கை. உற்சாகத்துல அந்த ஏ.எம்.ஆரை எம்.பி.3யா மாத்திட்டு ஒரிஜினலை அழிச்சிடாதீங்க. களிமண்ணு காய்ஞ்ச வரைக்கும் தண்ணியில போட்டா மறுபடி களிமண்ணு ஆகும். சூளையில ஐநூறு அறுநூறு டிகிரி தாண்டிட்டா ஆகவே ஆகாது, மண்ணோட கட்டமைப்புல இருக்கிற தண்ணி போயிடும். இந்தச் சுருக்கம் எல்லாம் சூளை மாதிரி. ஒரு தடவை தூக்கி எறிஞ்ச சத்தம் திரும்ப வராது. ஏ.எம்.ஆர். ஒரு தடவை சுட்டது, எம்.பி.3யா மாத்தினா ரெண்டாவது தடவை சுடறது. 'ஹெச்.டி. குவாலிட்டிக்கு மாத்தித் தரேன்'னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. ஒரிஜினலை அப்படியே வெச்சுக்கிட்டு, பக்கத்துல வேவாவோ ஃபிளாக்காவோ ஒரு காப்பி எடுங்க. அதுல இருக்கிற தரம் கூடாது, ஆனா குறையாது. ஒலி ஆவணக் காப்பகங்கள் எல்லாம் சுருக்காத வேவைத்தான் நம்புது. அது எப்படி எழுதப்படுதுங்கிறது ஊரறிஞ்ச விஷயம், யார் வேணாலும் பிளேயர் எழுதலாம், யாருக்கும் கப்பம் கட்ட வேணாம்.

"இதெல்லாம் ரொம்ப ஓவர்"னு தோணுதா? நம்ம எழுத்துக்கே இது நடந்துச்சே. 90கள்ல ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபான்ட். ஒரு கம்ப்யூட்டர்ல தமிழாத் தெரியற கடிதம் அடுத்த கம்ப்யூட்டர்ல கொக்கி கொக்கியா வரும். தமிழக அரசு 1999ல டேப், டேம்னு குறியீடு அறிவிச்சது, வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கின்னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. 2010 ஜூன்லதான் அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது. அதுக்குள்ளே எத்தனை பேரோட தட்டச்சு செஞ்ச நாவல், ஆய்வேடு, சங்கத்துக் கணக்கு எல்லாம் 'அந்த ஃபான்ட் எங்கேயோ போச்சு'ன்னு குப்பைக்குப் போயிருக்கும்? எழுத்தையாவது ஃபான்ட் தேடிப்பிடிச்சு மீட்டுடலாம், மாற்றி எழுதற மென்பொருள் வந்துடுச்சு. சர்வர்ல சாவி இருக்கிற பூட்டுன ஒலியை அப்படி மீட்க முடியாது.

நம்ம மாவட்டத்துல தெருக்கூத்து விடிய விடிய நடக்குது. ஒப்பாரி பாடுறவங்க, நடவுப் பாட்டு தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்க. எல்லாரும் போன்ல பதிவு பண்றோம், எல்லாம் ஏதோ ஒரு ஆப்புக்குள்ளே, ஏதோ ஒரு குரூப்புக்குள்ளே கிடக்கு. 2005ல ஆரம்பிச்ச ஈழத்து நூலகம் நிறுவனம், புத்தகத்தோட நிக்காம, குரல் பதிவுகளையும் சேர்த்து எல்லாருக்கும் திறந்து வெச்சிருக்காங்க. 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதைப் பார்த்த சமூகம், ஒரே இடத்துல ஒரே பிரதி வெச்சா என்ன ஆகும்னு அவங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நமக்கு எதுவும் எரியலை, அதனால 'ஆயா கம்ப்யூட்டர்' இன்னும் ஓடுதேன்னு விட்டுட்டோம்.

என்னோட வேண்டுகோள் சின்னது. இந்த வாரம் வீட்டுக்குப் போனா, உங்க வீட்டுல ஒரே இடத்துல மட்டும் பாடுற ஃபைல் எது இருக்குன்னு தேடுங்க. பழைய மெமரி கார்டு, டிராயர்ல கிடக்கிற பட்டன் போன், அக்கா கல்யாண சி.டி. சி.டி.யா இருந்தா சி.டி.ஏ.வைக் காப்பி பண்ணாம முறையா ரிப் பண்ணுங்க. ரிப் பண்றப்போ 'காப்பி புரொடெக்ட்'னு ஏதாவது டிக் இருந்தா எடுத்துடுங்க. பழைய விண்டோஸ் மீடியா பிளேயர்ல அப்படி ஒரு டிக் இருந்தது, நம்ம சி.டி.யிலிருந்து நாமளே எடுத்த பாட்டுக்கு நாமளே பூட்டுப் போட்டுக்கிற வசதி! அடுத்த தடவை விண்டோஸ் மாத்தினா பூட்டு மட்டும் இருக்கும், சாவி இருக்காது. அப்புறம் மூணு காப்பி, மூணு வேற வேற இடம்.

ஆயா தாலாட்டு இப்போ அவன் வீட்டுல ஏழு போன்ல இருக்கு. சித்தப்பா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வேற வெச்சுட்டார். பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடலாமான்னு கேட்டதுக்கு அவங்கம்மா திட்டிட்டாங்களாம்.

டிஸ்கி 1: கார் ஸ்டீரியோல மட்டும் பாடலைன்னா பாட்டைத் திட்டாதீங்க. பென்டிரைவை ஃபேட்32ல ஃபார்மட் பண்ணியிருக்கீங்களான்னு பாருங்க (காப்பி எடுத்துட்டு!). 24 பிட் வேவ், ஃபிளாக் எல்லாம் பழைய ஸ்டீரியோவுக்குப் புரியாது, அதுக்கு மட்டும் தனியா ஒரு எம்.பி.3 காப்பி போட்டுக்கோங்க.

டிஸ்கி 2: ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வெச்சா சில ஸ்டீரியோ கட்டம் கட்டமா காட்டும். பாடும், பேர்தான் தெரியாது. நான் அதுக்காகப் பேரை மாத்தறதில்லை.